நம்பப்படாத சாட்சிகள்

நியாயஸ்தலத்தில் ஒரு சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்பே, "இவன் வாயைத் திறந்தால் பொய்தான் வரும், அழுதால் அது நடிப்பு, காலில் விழுந்தால் அது சூழ்ச்சி" என்று ஒருவர் நியாயாதிபதியின் காதில் ஓதிவிட்டுப் போவதாக வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் அந்தச் சாட்சி சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கே விரோதமாகத் திரும்பும் அல்லவா? எவ்வளவுக்கெவ்வளவு அவன் கதறுகிறானோ, அவ்வளவுக்கவ்வளவு "முன்பே சொன்னார்களே!" என்று நியாயாதிபதி தலையை அசைப்பார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் இந்தச் சாட்சியின் நிலையில் இருந்து வந்திருக்கிறார்கள். நியாயாதிபதியின் ஸ்தானத்தில் அமர்ந்திருந்தவர்களோ, பெரும்பாலும் அவர்களைப் பெற்ற தாய் தந்தையரே.

அடங்காத பிள்ளைகளைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் தனியார் ஸ்தாபனங்கள் அந்நாட்டில் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. விடுதிப் பள்ளிக்கூடம், சிகிச்சை நிலையம், ராணுவ ரீதியிலான முகாம், பிள்ளைகளைப் பாலைவனத்திலும் காட்டிலும் வாரக்கணக்கில் நடத்திச் செல்லும் திட்டம் என்று அவற்றுக்குப் பல உருவங்கள் உண்டு. கட்டணம் மாதத்துக்குப் பல ஆயிரம் டாலர். சிலருக்குப் பெற்றோர் கொடுக்கிறார்கள். பெற்றோரைப் பிரிந்து சர்க்காரின் பாதுகாப்பில் உள்ள குழந்தைகளுக்கு ஜனங்களின் வரிப்பணம் கொடுக்கிறது. அனுப்பப்படுகிறவர்களில் லாகிரி வஸ்துக்களுக்கு அடிமையானவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்களும் உண்டு. மனச்சோர்வினால் படுக்கையை விட்டு எழாதவர்களும் உண்டு. எதிர்த்துப் பேசியதைத் தவிர வேறொரு குற்றமும் அறியாதவர்களும் உண்டு.

பதினைந்து வயது எப்படிப்பட்டது என்பது நம்மைப் போல் பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவர்களுக்குத் தெரியும். நேற்று வரையில் கைகட்டி நின்ற பையன் இன்று கதவை அடித்துச் சாத்துகிறான். சாதுவாக இருந்த பெண் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறாள். பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுகளில் தாமாகவே கரை சேர்ந்துவிடுகிறார்கள். சிலர் மெய்யாகவே ஆபத்தில் இருக்கிறார்கள். இவ்விரு வகையினரையும் வேறு பிரித்து அறிவது எளிதன்று. பெற்றவர்களின் அந்தக் கலக்கத்தின் மீதுதான் மேற்சொன்ன தொழில் தன் கடையை விரித்தது.

இதன் வேரைத் தேடிக்கொண்டு போனால் 1958-ஆம் வருஷத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் ஸான்டா மோனிகா என்னும் ஊரில், குடிப் பழக்கத்திலிருந்து மீண்டவரான சார்லஸ் டெடரிச் என்பவர் 'ஸினனான்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஹெராயினுக்கு அடிமையானவர்களை வைத்தியர்கள் கைவிட்டிருந்த காலம் அது. ஸினனானில் ஒருவனை நடுவில் உட்கார வைத்து, சுற்றியிருப்போர் அனைவரும் மணிக்கணக்கில் அவனை ஏசுவார்கள். இதற்கு 'விளையாட்டு' என்று பெயர்! ஒரு மனிதனை உடைத்துப் போட்டால்தான் அவனைத் திரும்பக் கட்ட முடியும் என்பது அங்கே சித்தாந்தம். ஸினனானின் முடிவு இழிவானது. 1978-ல் தங்களை எதிர்த்து வழக்காடிய வக்கீல் ஒருவரின் தபால் பெட்டிக்குள் கிலுகிலுப்பைப் பாம்பை வைக்கும் அளவுக்கு அதன் ஆட்கள் போனார்கள். 1991-ல் ஸ்தாபனம் கலைந்தது. ஆனால் அதற்குள் அதன் விதைகள் பல இடங்களில் முளைத்துவிட்டன.

அவற்றுள் ஒன்றுக்கு 'ஸீட்', அதாவது 'விதை' என்றே பெயர்! 1970-ல் பிளோரிடா மாகாணத்தில் தொடங்கியது அது. அதன் முறைகளை ஆராய்ந்த அமெரிக்க செனட் சபையின் கமிட்டி 1974-ல் வெளியிட்ட அறிக்கை, கொரியா யுத்தத்தில் வட கொரியர்கள் சிறைப்பட்ட சிப்பாய்களின் மனத்தை மாற்றக் கையாண்ட உபாயங்களோடு அவற்றை ஒப்பிட்டது. இத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. ஸீட்டில் தம் பிள்ளைகளைச் சேர்த்திருந்த பெற்றோர் சிலர் 1976-ல் அதே மாகாணத்தில் 'ஸ்ட்ரெய்ட்' என்ற புதிய நிலையத்தைத் திறந்தார்கள். அது பல மாகாணங்களில் கிளை விட்டது. ஜனாதிபதி ரேகனின் மனைவி நான்ஸி அதைப் பாராட்டினார். 1985-ல் வேல்ஸ் இளவரசி டயானாவையும் அழைத்துக்கொண்டு வர்ஜீனியாக் கிளைக்குச் சென்றார். அதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே, 1983-ல், தம்பியைப் பார்க்க வந்த ஒரு கல்லூரி மாணவனை அங்கேயே பிடித்து அடைத்து வைத்ததற்காக ஸ்ட்ரெய்ட் 2,20,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். இருந்தும் அது 1993 வரையில் நடந்தது. பிரமுகர்கள் வந்து போன வீட்டில் அக்கிரமம் நடக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்!

வட கோடியிலுள்ள மேய்ன் மாகாணத்தில் 1970-ல் 'ஏலான்' என்ற விடுதிப் பள்ளி ஏற்பட்டது. அங்கே குற்றம் செய்ததாகக் கருதப்பட்ட பிள்ளையின் கழுத்தில் அவமானச் சொற்கள் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவார்கள். எல்லோரும் கூடி நின்று முகத்துக்கு நேரே கத்துவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் 'வளையம்'. அதாவது, மற்றப் பிள்ளைகள் வட்டமாக நிற்க, நடுவில் அவன் கையுறை மாட்டிக்கொண்டு குத்துச் சண்டை போட வேண்டும். ஒருவன் களைத்தால் அவனுக்குப் பதில் புதியவன் ஒருவன் வருவான். குற்றவாளிக்கு மட்டும் மாற்றாள் கிடையாது. "அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று நம்மவர்களும் சொல்வதுண்டு. ஆயினும் அடிப்பதற்கு அண்ணன் தம்பிகளையே வரிசையில் நிறுத்தும் யுக்தி அந்தப் பழமொழி சொன்னவருக்குக் கூடத் தோன்றியிராது.

பிள்ளைகளை இவ்விடங்களுக்குக் கொண்டு சேர்க்கும் விதமும் விசித்திரமானது. பின்னிரவு மூன்று நான்கு மணிக்குத் திடகாத்திரமான இரண்டு அந்நியர்கள் படுக்கை அறைக்குள் நுழைந்து, உறங்கும் பிள்ளையை எழுப்பி, கையில் விலங்கு மாட்டியும் மாட்டாமலும் இழுத்துச் செல்வார்கள். தன்னைக் கள்வர் கடத்துகிறார்கள் என்று எண்ணிப் பிள்ளை, "அம்மா! அப்பா!" என்று அலறும். பெற்றோரோ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள்தாம் கூலி கொடுத்து அந்த ஆட்களை வரவழைத்தவர்கள்.

"அந்த நாட்டில் சட்டம் இல்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். சட்டம் இருக்கிறது. ஆனால் அது பெற்றோரின் உரிமையை மிகவும் மதிக்கிறது. பெற்றோர் தம் பிள்ளையை மனோவியாதி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன் நீதிமன்ற விசாரணை அவசியமில்லை என்றும், பாரபட்சமற்ற ஒரு வைத்தியர் பரிசோதித்தால் போதும் என்றும் 1979-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நாம் சொல்லும் தனியார் ஸ்தாபனங்கள் பலவற்றில் அந்த வைத்தியர் கூடக் குறுக்கே நிற்பதில்லை. திருடிவிட்டுச் சிறை செல்கிறவனுக்கு வக்கீல் உண்டு. தண்டனைக் காலம் இவ்வளவு என்ற கணக்கு உண்டு. ஒரு குற்றமும் செய்யாத இந்தப் பிள்ளைக்கோ இரண்டும் இல்லை. நிர்வாகிகள் வகுத்த படிகளில் ஒவ்வொன்றாக ஏறினால்தான் விடுதலை. பேசுவதற்கும் வீட்டுக்கு டெலிபோன் செய்வதற்கும்கூடப் படி ஏறிச் சம்பாதிக்க வேண்டும். ஏறிய படியிலிருந்து ஒரு நொடியில் கீழே தள்ளவும் அவர்களால் முடியும்.

இனி, நாம் முதலில் சொன்ன சாட்சியின் கதைக்கு வருவோம். பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை கொடுப்பது இத்தொழிலில் வழக்கம்: "உங்கள் மகன் கடிதத்தில் எங்களைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் எழுதுவான், வீட்டுக்கு வந்துவிடுவதற்காக நாடகம் ஆடுவான், நம்பாதீர்கள்." கடிதங்களை முதலில் நிர்வாகிகள் படிப்பார்கள். டெலிபோனில் பேசும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். புகார் வந்தால் அது வியாதியின் அடையாளம். புகார் வராவிட்டால் அது சிகிச்சையின் வெற்றி! இப்படி இருபுறமும் பூட்டிய கதவைத் திறப்பது எப்படி?

நம்பாமை பிராணனையே வாங்கிவிடும் என்பதற்குச் சர்க்கார் ஆவணமே அத்தாட்சி. அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 1990 முதல் 2004 வரையில் இத்தகைய திட்டங்களில் நேர்ந்த பத்து மரணங்களை ஆராய்ந்து 2007 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. 1990-ல் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி வனாந்தர நடைப் பயணத்தில் உடலின் நீர் வற்றி இறந்தாள். 1994-ல் யூட்டா மாகாணத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், குடற்புண் துளை விட்டு உடலெங்கும் விஷம் பரவி மாண்டான். இருவரும் தள்ளாடியபோது உடனிருந்த ஊழியர்கள், "பாசாங்கு செய்கிறாய்!" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே அறிக்கை இன்னொரு கணக்கும் தருகிறது. 2005-ஆம் வருஷத்தில் மட்டும் 33 மாகாணங்களில், இத்தகைய விடுதிகளில் நடந்த கொடுமைகளில் சம்பந்தப்பட்டவர்கள் என 1,619 ஊழியர்களைக் குறித்துத் தகவல் வந்திருந்தது. மறு வருஷம் அதே அலுவலகத்தார் கவலைப்படும் பெற்றோர் போல் வேஷமிட்டு டெலிபோனில் விசாரித்தார்கள். "உங்கள் பிள்ளைக்கு ஏற்ற இடம் இதுவே" என்று ஓர் ஆலோசனை நிலையம் ஒரு முகாமைச் சிபாரிசு செய்தது. நிலையத்தின் சொந்தக்காரரும் முகாமின் சொந்தக்காரரும் கணவன் மனைவியர் என்பது பின்னர் தெரிந்தது!

இவ்வளவும் வெளி வந்ததற்குக் காரணம் யார்? அன்று நம்பப்படாத அதே பிள்ளைகள்தாம். அவர்கள் வளர்ந்தார்கள். வக்கீல்களாகவும், தாய்மார்களாகவும், பத்திரிகை எழுதுகிறவர்களாகவும் ஆனார்கள். மேய்னில் இருந்தவரும் யூட்டாவில் இருந்தவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் பேசத் தொடங்கியபோது, அதே நள்ளிரவு, அதே படிகள், அதே ஏச்சு என்று ஒரே கதை பல வாய்களிலிருந்து வந்தது. தனி ஒருவன் சொன்னால் கட்டுக்கதை. முன்பின் அறியாத நூறு பேர் ஒன்றையே சொன்னால் அதற்குப் பெயர் சாட்சியம்.

2006-ல் அவர்களுள் சிலர், இளைஞர்களை நியாயமாக நடத்தக் கோரும் ஒரு சங்கத்தை அமைத்தார்கள். 2008-ல் பிரதிநிதிகள் சபையின் கமிட்டி முன் அச்சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி சாட்சி சொன்னார். அவ்வாண்டு அச்சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் அது செனட் சபையைத் தாண்டிச் சட்டமாகவில்லை. சங்கத்தார் சளைக்கவில்லை. ஏலான் பள்ளியில் இருந்து மீண்டவர்கள் தாங்கள் பட்டதை எழுதி எழுதி உலகறியச் செய்தார்கள். சேருவார் குறைந்து, 2011 ஏப்ரலில் அப்பள்ளி மூடப்பட்டது. மிஸூரி மாகாணத்தில் மத ஸ்தாபனங்கள் நடத்தும் விடுதிகளுக்கு 1982 முதல் சர்க்கார் அனுமதிப் பத்திரமே தேவையில்லை என்று இருந்தது. அவற்றில் வளர்ந்தவர்கள் சட்டசபையில் ஏறிச் சாட்சி சொல்ல, 2021-ல் சட்டம் மாறியது.

அங்கே வழங்கிய தண்டனைகளுள் 'மௌன விதி' என்று ஒன்று உண்டு. அதற்கு ஆளான பிள்ளையோடு யாரும் பேசலாகாது. அதுவும் யாரோடும் பேசலாகாது. பார்ப்பதுகூடப் பிசகு. மீண்டவர்கள் அமைத்த சங்கம் ஒன்று 'பிரேக்கிங் கோட் சைலன்ஸ்', அதாவது 'மௌன விதியை உடைப்போம்' என்று பெயர் வைத்துக்கொண்டது. இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன இருக்க முடியும்?

பாரிஸ் ஹில்டன் என்ற பிரபல செல்வச் சீமாட்டி 2020 செப்டம்பரில் வெளிவந்த ஒரு படத்தில், யூட்டாவில் உள்ள பிரோவோ கான்யன் பள்ளியில் தாம் பதினொரு மாதம் பட்ட துன்பத்தைச் சொன்னார். 2000-ஆம் வருஷத்தில் பள்ளி வேறு சொந்தக்காரர்கள் கைக்கு மாறிவிட்டதென்றும், அதற்கு முந்தியதைப் பற்றித் தாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றும் பள்ளி நிர்வாகம் பதில் கூறியது. மறு மாதம் அந்த ஊரில் மீண்டவர்கள் நூற்றுக்கணக்கில் கூடி ஊர்வலம் சென்றார்கள். 2021 பிப்ரவரியில் அவர் யூட்டா சட்டசபைக் கமிட்டி முன் சாட்சி சொன்னார். மார்ச் மாதத்தில் சட்டம் வந்தது. வருஷத்துக்கு நான்கு முறை சர்க்கார் சோதனை. தண்டனையாக மயக்க மருந்து கொடுப்பதற்குத் தடை. வாரம் ஒரு முறை பிள்ளை தன் குடும்பத்தாரோடு பிறர் காதில் விழாமல் பேசும் உரிமை. இந்த மூன்றாவது ஷரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். தனியே பேச விடு என்பதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது!

பெரும் பணமும் பேரும் படைத்த ஒருத்தி சொன்னதால் கேட்டார்கள், இருபது முப்பது ஆண்டுகளாக ஏழைகள் சொன்னதைக் கேட்கவில்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். வாஸ்தவம்தான். எனினும் முன்னால் சொன்னவர்கள் கட்டி வைத்த அணையின் மேல்தான் அவர் நின்று பேசினார். அவர்கள் இல்லாவிட்டால் அவருடைய சொல்லும் ஒரு வாரப் பரபரப்பாகக் கரைந்து போயிருக்கும்.

2024 ஜூனில் செனட் சபையின் நிதிக் கமிட்டி, நான்கு பெரிய கம்பெனிகளை இரண்டு வருஷம் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. குழந்தைகளைச் சரக்குப் போல் அடைத்து வைக்கும் கிடங்குகள் என்ற கருத்தை அதன் தலைப்பே தாங்கி வந்தது. படுக்கைகளை நிரப்புவது, ஊழியர்களைக் குறைப்பது, எஞ்சியதை லாபமாக எடுப்பது என்ற கணக்கிலேயே தீமை பிறக்கிறது என்பது அதன் முடிவு. அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரஸின் இரு சபைகளும் ஒரு சட்டத்தை நிறைவேற்றின. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 373, எதிர்ப்பு 33. எதிரெதிர்க் கட்சியினர் ஒன்று கூடினார்கள். ஜனாதிபதி பைடன் கையொப்பமிட்டார்.

வெற்றிதான். ஆனால் அளந்து பார்க்க வேண்டும். மீண்டவர்கள் 2021-ல் கேட்ட மசோதாவில் குழந்தைகளுக்கு இன்னின்ன உரிமைகள் உண்டு என்ற பட்டியல் இருந்தது. கிடைத்த சட்டமோ, தேசிய விஞ்ஞானக் கழகங்கள் பத்தாண்டு காலம் இவ்விஷயத்தை ஆராய்ந்து அவ்வப்போது அறிக்கை தர வேண்டும் என்கிறது. ஆராய்ச்சி முடிவதற்குள் இன்று ஐந்து வயதுக் குழந்தை பதினைந்து வயதை எட்டிவிடும். ஆகவேதான் சங்கத்தார், "வேலை முடிந்தது" என்று வீட்டுக்குப் போகவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்வதே நியாயம். "அங்கே போயிராவிட்டால் செத்திருப்பேன்" என்று நன்றியோடு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொன்னால், நாமும் சாட்சியை முன்கூட்டித் தள்ளுகிறவர்களாவோம். பெற்றோர் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். மகள் பிணமாகிவிடுவாளோ என்ற பயத்தில் வீட்டை அடகு வைத்து அனுப்பியவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது நல்ல வைத்தியமும் அருகிலேயே கிடைக்கும் உதவியும். அவை இல்லாத வெற்றிடத்தில்தான் இந்த வியாபாரம் செழித்தது. இப்போது மீண்டவர்களின் கூட்டங்களில் தலை நரைத்த சில தாய் தந்தையரும் வந்து உட்காருகிறார்களாம். பிள்ளை பேசும்போது அன்று கேட்காத காதால் இன்று கேட்கிறார்கள்.

இந்தக் கதை அமெரிக்காவினுடையது. ஆனால் பிள்ளையை எந்த விடுதியில், எந்த ஆஸ்பத்திரியில், எந்தப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் பெற்றோரும் வாசலிலேயே மூன்று கேள்விகள் கேட்கலாம். யாரும் உடன் இல்லாமல் என் பிள்ளை என்னோடு பேசலாமா? முன்னறிவிப்பு இல்லாமல் நான் வந்து பார்க்கலாமா? எந்தத் தேதியில் இது முடியும்? மூன்றில் ஒன்றுக்கு "முடியாது" என்று பதில் வந்தாலும், கொண்டு வந்த பெட்டியையும் பிள்ளையையும் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேருவதே உத்தமம்.